ஃபார்வர்ட்–ரிவர்ஸ் ஸ்டார்ட்டர்: தேயிலை ட்ரஃப் ஃபேனுக்கு வயரிங் முதல் பாதுகாப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் மாடிக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது நீளநீளமாகக் கிடக்கும் விதரிங் ட்ரஃப்கள்தான், அதாவது இலையை வாட வைக்கும் தொட்டிகள். பச்சை இலையைக் கம்பி வலையின் மேல் பரப்பியிருப்பார்கள். ஒரு முனையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஃபேன். அது காற்றை வலைக்கு அடியில் தள்ள, காற்று இலையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். சில மணி நேரம் கழித்து, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வந்து இலையை அள்ளிப் பார்த்துவிட்டு, "திருப்பி விடுப்பா" என்பார். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். காற்று மேலிருந்து கீழே இழுபடும். அடியில் உள்ள இலையும் மேலே உள்ள இலையும் ஒன்றுபோல வாட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அந்தத் "திருப்பி விடு"தான் இந்தக் கட்டுரையின் விஷயம். மூன்று ஃபேஸ் மோட்டாரைத் திருப்புவது பெரிய வித்தை இல்லை. மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சுழலும் காந்தப்புலம் திசை மாறும், மோட்டாரும் மாறும். ஐ.டி.ஐ.யில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதை ஒரு பட்டனில் செய்ய இரண்டு கான்டாக்டர் வேண்டும். கான்டாக்டர் என்பது, உள்ளே இருக்கும் காய்லுக்குக் கரண்ட் கொடுத்தால் இழுத்து முனைகளை மூடும் மின்காந்த ஸ்விட்ச். ஒன்று ஃபார்வர்டுக்கு, ஒன்று ரிவர்ஸுக்கு. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துவிட்டால் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆரும் பியும் நேருக்கு நேர் மோதும். நடுவில் மோட்டார் கூட இல்லை, வெறும் செம்பு.

அந்த மோதலை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், காரணமும் நான்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ராத்திரி ரெண்டு மணி, நல்ல மழை. ஒரு ட்ரஃப் ஸ்டார்ட்டரில் ரிவர்ஸ் கான்டாக்டர் இழுக்கவில்லை. பார்த்தால், ஒரு கான்டாக்டர் இழுத்திருக்கும்போது மற்றதை இழுக்க விடாமல் தடுக்கும் இன்டர்லாக் கான்டாக்ட் கருகி, கரண்ட் கடத்தவில்லை. கையில் ஸ்பேர் இல்லை, இலை சூடேறிக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு வயரை எடுத்து அந்தக் கான்டாக்டைத் தாண்டி ஜம்பர் போட்டேன். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஃபேன் ஓடியது. காலையில் வேறு வேலை வந்து, மறந்தும் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம், ஃபேன் முன்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ரிவர்ஸ் பட்டனைத் தொட்டார்கள். பட்டாசுச் சத்தம். பேனல் கதவு பூட்டியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இரண்டு எச்.ஆர்.சி. ஃபியூஸ் (பெரிய ஷார்ட் கரண்டையும் வெட்டும் வகை) போய், இரண்டு கான்டாக்டரின் முனைகளும் ஒட்டி உருகி, கதவின் உட்பக்கம் முழுக்கக் கரி. இரண்டும் சேர்ந்து இழுக்காமல் இரும்புத் துண்டால் தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் அந்த ஸ்டார்ட்டரில் இல்லை. இனி வரும் ஒவ்வொரு வரியும் அந்தக் கரியைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு கேள்வி: இதைத் திருப்பலாமா?

எல்லா மெஷினையும் திருப்பக்கூடாது. இம்பெல்லரைத் திருகி மாட்டியிருக்கும் பம்பைத் திருப்பினால் இம்பெல்லர் கழன்று வரும். பின்னோட்டத் தடை உள்ள கியர்பாக்ஸைத் திருப்பினால் உள்ளே பல் உடையும். ட்ரஃப் ஃபேனாக இருந்தாலும் அது இரு திசைக்கும் செய்த ஃபேன்தானா, ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டுக்கு லாக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மோட்டார் பக்கம் கவலையில்லை. சாதாரண மூடிய வகை மோட்டாரின் பின்பக்க விசிறி இரு திசையிலும் காற்று தள்ளும்.

ஓடும் ஃபேனை ஏன் உடனே திருப்பக்கூடாது

நின்ற மோட்டாரை ஸ்டார்ட் செய்து முழு வேகத்துக்குக் கொண்டுவரும்போது, சுழலும் பாகங்களில் சேரும் இயக்க ஆற்றல் எவ்வளவோ கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் ரோட்டரில் விழும். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை எதிர் ஃபேஸ் கொடுத்து நிறுத்தினால் அதைப்போல மூன்று மடங்கு. நிறுத்தி, அப்படியே எதிர்த்திசையில் முழு வேகத்துக்கும் கொண்டுபோனால் மொத்தம் நான்கு மடங்கு. அதாவது ஒரு "டக்" திருப்பல் நான்கு ஸ்டார்ட்டுக்குச் சமம். ட்ரஃப் ஃபேன் மாதிரி கனமான இறக்கை உள்ள மெஷினில் இது சாதாரண விஷயமில்லை. ஷாஃப்ட் கீயும் கப்ளிங்கும் வாங்கும் அடி தனிக் கணக்கு.

கான்டாக்டருக்கும் இதே கதைதான். கேட்டலாக்கில் ஏசி-3, ஏசி-4 என்று இரண்டு எண் இருக்கும். மோட்டாரை ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டு, ஓடும் கரண்டில் நிறுத்துவது ஏசி-3. ஓடும்போதே திருப்புவது, தட்டித் தட்டி நகர்த்துவது எல்லாம் ஏசி-4. ஸ்டார்ட்டிங் கரண்டையே, அதாவது முழு லோடு கரண்டைப்போல ஆறேழு மடங்கை, கான்டாக்டர் வெட்ட வேண்டிவரும். ஒரே கான்டாக்டருக்கு ஏசி-4 ஆயுள் ஏசி-3 ஆயுளில் ஒரு சிறு பங்குதான். கடைக்காரர் "5 எச்.பி. கான்டாக்டர்" என்று எடுத்துக் கொடுப்பது ஏசி-3 கணக்கில். ஹாயிஸ்ட், வின்ச் மாதிரி வேலைக்கு ஏசி-4 பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ட்ரஃப் ஃபேனுக்கு ஏசி-3 போதும், நின்ற பிறகே திருப்புவது உறுதி என்றால். அந்த உறுதியை ஆட்களின் பொறுமையிடம் விடாமல் டைமரிடம் கொடுப்பதுதான் என் வழி, கீழே வருகிறது.

மலை உயரக் கணக்கு

இதைச் சமவெளியில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் யோசிப்பதில்லை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள திறன் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் வரை, 40 டிகிரி சுற்றுச்சூழல் வெப்பம் வரைக்குமானது. அதற்கு மேலே காற்று லேசு, குளிர்விப்பது குறையும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அனுமதிக்கப்படும் சுற்று வெப்பத்தில் ஒரு டிகிரி கழித்துக்கொள்ளலாம் என்பது சர்வதேசத் தரக் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆக 31 டிகிரி வரை சரி. ஊட்டி 2,240 மீட்டர், 27 டிகிரி. நம் ஊர்க் குளிரில் இது தானாக ஈடுகட்டிக்கொள்ளும், மோட்டாரைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

ஆனால் ட்ரஃப் ஃபேனில் ஒரு கொக்கி இருக்கிறது. மழைக்காலத்தில் இலை ஈரமாக வரும்போது டிரையர் பக்கத்துச் சூடான காற்றைக் கலந்து ஃபேன் வாயில் விடுவார்கள். மோட்டார் உட்கார்ந்திருப்பது அந்தக் காற்றோட்டத்தின் நடுவில். வெளியே 15 டிகிரி இருக்கலாம், மோட்டாருக்குச் சுற்று வெப்பம் 35. "மலைக் குளிர்தானே" என்று ஓவர்லோடு ரிலேயின் (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே) செட்டிங்கை ஏற்றி வைத்த மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போவது பெரும்பாலும் ஆடி மாதத்தில்தான்.

கான்டாக்டர் முதலான ஸ்விட்ச்கியர் 2000 மீட்டர் வரை அப்படியே பொருந்தும். குன்னூரும் கோத்தகிரியும் அந்த எல்லைக்குள். ஊட்டி நகரம் தாண்டிவிடுகிறது. அங்கே தயாரிப்பாளரின் உயர அட்டவணையைப் பாருங்கள், அல்லது ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள்.

பவர் வயரிங்

உதாரணத்துக்கு 5 எச்.பி., அதாவது 3.7 கிலோவாட், 415 வோல்ட், பெயர்ப்பலகையில் 7.5 ஆம்பியர் போட்ட ஒரு மோட்டார். பேனல் உள்ளே பவருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு, பட்டனும் காய்லும் உள்ள கன்ட்ரோல் வயருக்கு 1.5. மோட்டார் தூரமாக இருந்தால் வோல்டேஜ் ட்ராப் கணக்குப் போட்டுக் கேபிளைப் பெரிதாக்குங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஐசொலேட்டரை (பேனலுக்கு வரும் சப்ளையைப் பிரிக்கும் மெயின் ஸ்விட்ச்) ஆஃப் செய்து, பூட்டு போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். பிறகு மூன்று ஃபேஸையும் டெஸ்ட் லேம்பாலோ மீட்டராலோ பாருங்கள். நியான் டெஸ்டரை நம்பி நான் கை வைக்க மாட்டேன். லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது.

இனி ஃபார்வர்ட் கான்டாக்டரை முன் கான்டாக்டர் என்றும், ரிவர்ஸ் கான்டாக்டரைப் பின் கான்டாக்டர் என்றும் சொல்கிறேன்; எண்கள் அவற்றில் அச்சிட்டிருக்கும் டெர்மினல் எண்கள். ஐசொலேட்டர், ஃபியூஸ் தாண்டி வரும் ஆர், ஒய், பி மூன்றும் முன் கான்டாக்டரின் 1, 3, 5க்குப் போகும். அங்கிருந்தே பின் கான்டாக்டரின் 1, 3, 5க்கும் நேராக, மாற்றாமல் லூப். மாற்றம் எல்லாம் கீழ்ப்பக்கம் மட்டும்: பின் கான்டாக்டரின் 2 முன் கான்டாக்டரின் 6க்கு, 4 நேராக 4க்கு, 6 முன் கான்டாக்டரின் 2க்கு. நடு ஃபேஸ் நேர், ஓரம் இரண்டும் குறுக்கு என்று மனதில் வைத்தால் மறக்காது. சிலர் மேலேயும் மாற்றிவிட்டுக் கீழேயும் மாற்றுவார்கள். இரண்டு தடவை மாற்றினால் பழைய திசையே வரும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஒரே பக்கம் சுற்றும். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

இரண்டு கான்டாக்டரும் கீழே சேர்ந்த பிறகு ஒரே ஒரு ஓவர்லோடு ரிலே, அதிலிருந்து மோட்டாரின் யு, வி, டபிள்யு. ரிலேயை முன் கான்டாக்டரின் அடியில் நேரடியாக மாட்டினால், பின் கான்டாக்டரின் வயர்கள் கான்டாக்டருக்கும் ரிலேக்கும் நடுவில் சேர்கின்றனவா என்று பாருங்கள். ரிலேக்குக் கீழே சேர்த்தால் ரிவர்ஸில் மோட்டாருக்கு ஓவர்லோடு பாதுகாப்பே இல்லை. பழைய பேனல்களில் இந்தத் தவறை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன்.

இரண்டு கான்டாக்டருக்கும் நடுவில் மெக்கானிக்கல் இன்டர்லாக் பீஸைக் கட்டாயம் மாட்டுங்கள். பேனலில் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

கன்ட்ரோல் வயரிங்

காய்ல் வோல்டேஜ் முதலில் முடிவாக வேண்டும். ஃபேஸ்–நியூட்ரலில் 230 வோல்ட் காய்ல் போட்டால், எங்கேயாவது நியூட்ரல் கழன்றால் வோல்டேஜ் தாறுமாறாகப் போய் காய்ல் கருகும். காற்று மழையில் கிளை விழுந்து லைன் அறுவது இங்கே அபூர்வம் இல்லை. 415 வோல்ட் காய்லை இரண்டு ஃபேஸுக்கு நடுவில் போடலாம். பட்டன் வரைக்கும் 415 வந்து நிற்கும், ஈரக் கையோடு நிற்கிறவருக்கு அது நல்லதில்லை. எனக்குப் பிடித்தது 415க்கு 110 கன்ட்ரோல் ட்ரான்ஸ்ஃபார்மர். செகண்டரியின் ஒரு முனையை எர்த் செய்து, அந்த எர்த் முனையைக் காய்ல்களின் ஏ2க்கு நேராகக் கொடுத்துவிடுங்கள் (காய்லின் இரண்டு முனைகள்தான் ஏ1, ஏ2). பட்டன், ரிலே, இன்டர்லாக் எல்லாம் மறுமுனையில், ஏ1 பக்கம் மட்டும். ஓவர்லோடு கான்டாக்டை ஏ2 பக்கம் போடும் பழக்கம் சில பேனல்களில் உண்டு. அங்கே ஒரு வயர் உரசி எர்த் ஆனால் ரிலே ட்ரிப் ஆனாலும் காய்ல் விடாது. டைமரையும் அதே 110 வோல்ட்டில் வாங்க மறக்காதீர்கள்.

இனி வயர் வயராக. ஒவ்வொன்றின் முனையிலும் நம்பர் ஃபெரூல் (எண் போட்ட சின்ன வளையம்) போட்டுக்கொண்டே போங்கள். அடுத்த முறை மழை ராத்திரியில் இதைத் திறக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

வயர் 1: கன்ட்ரோல் ஃபியூஸிலிருந்து ஓவர்லோடு ரிலேயின் 95.

வயர் 2: ரிலேயின் 96லிருந்து ஸ்டாப் பட்டனின் மூடிய கான்டாக்ட்.

வயர் 3: ஸ்டாப்பின் மறுமுனை. இது முக்கியச் சந்திப்பு. இங்கிருந்து நான்கு இடத்துக்குப் போகும்: டைமர் கான்டாக்டின் 15, முன் கான்டாக்டரின் 13, பின் கான்டாக்டரின் 13, முன் கான்டாக்டரின் 31.

வயர் 4: டைமரின் 18லிருந்து ஃபார்வர்ட் பட்டனுக்கும் ரிவர்ஸ் பட்டனுக்கும்.

வயர் 5: ஃபார்வர்ட் பட்டனின் மறுமுனை, முன் கான்டாக்டரின் 14, பின் கான்டாக்டரின் 21, மூன்றும் ஒன்றாக.

வயர் 6: பின் கான்டாக்டரின் 22லிருந்து முன் கான்டாக்டரின் ஏ1.

வயர் 7: ரிவர்ஸ் பட்டனின் மறுமுனை, பின் கான்டாக்டரின் 14, முன் கான்டாக்டரின் 21.

வயர் 8: முன் கான்டாக்டரின் 22லிருந்து பின் கான்டாக்டரின் ஏ1.

வயர் 9: முன் கான்டாக்டரின் 32லிருந்து பின் கான்டாக்டரின் 31.

வயர் 10: பின் கான்டாக்டரின் 32லிருந்து டைமரின் ஏ1.

13–14 திறந்த கான்டாக்ட், ஹோல்டிங்குக்கு, அதாவது பட்டனை விட்ட பிறகும் காய்லுக்குச் சப்ளையைப் பிடித்து வைக்க. 21–22, 31–32 மூடியவை. கூடுதல் கான்டாக்ட் ப்ளாக்கில் முதல் இலக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 1–2 என்று முடிந்தால் மூடியது, 3–4 என்று முடிந்தால் திறந்தது.

டைமர் சாதாரண ஆன்-டிலே வகைதான், சப்ளை வந்து வைத்த நேரம் கழித்து வேலை செய்யும். இரண்டு கான்டாக்டரும் விட்டிருக்கும்போது மட்டும் அதற்குச் சப்ளை வரும். நேரம் முடிந்ததும் 15–18 மூடி, ஸ்டார்ட் பட்டன்களுக்கு உயிர் வரும். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் டைமர் விழுந்துவிடும். ஓடுவதற்கு ஹோல்டிங் இருக்கிறது. ஸ்டாப் செய்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணும். நேரத்தை எப்படி வைப்பது? ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டாப் அழுத்தி, இறக்கை நிற்கும் வரை கைக்கடிகாரத்தில் பாருங்கள். 40 விநாடி ஆனால் டைமரை 60ல் வையுங்கள்.

நிறுத்திய பிறகு எண்ணும் ஆஃப்-டிலே டைமரால் இதையே செய்பவர்கள் உண்டு. அதில் பல வகைக்குத் தொடர்ந்து சப்ளை வேண்டும். கரண்ட் போய் ஐந்து விநாடியில் திரும்பி வந்தால் டைமர் எண்ணியதை மறந்துவிடும். ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன முறையில் கரண்ட் வந்ததும் முழு 60 விநாடி காத்திருந்துதான் ஆக வேண்டும். கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் மலையில் எனக்கு அதுதான் நிம்மதி. பேனல் முகப்பில் டைமர் கான்டாக்டோடு ஒரு பச்சை விளக்கு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "பட்டன் வேலை செய்யலீங்கண்ணா" என்று அறுபது விநாடிக்கு ஒருமுறை ஆள் வரும்.

மின் இன்டர்லாக் இருக்கும்போது மெக்கானிக்கல் எதற்கு? இரண்டு பட்டனையும் ஒரே நொடியில் இரண்டு பேர் அழுத்தினால், அந்தக் கணம் இரண்டு இன்டர்லாக் கான்டாக்டும் மூடியேதான் இருக்கும். இரண்டு காய்லுக்கும் சப்ளை போய்விடும். அங்கே தடுப்பது இரும்புத் துண்டுதான். இன்னொன்று: மெயின் முனை ஒட்டிக்கொண்டால் இன்டர்லாக் கான்டாக்ட் திறந்தபடியே இருக்க வேண்டும். அந்த உத்தரவாதம் உள்ளவற்றுக்கு மிரர் கான்டாக்ட் என்று பெயர், கேட்டலாக்கில் போட்டிருப்பார்கள். இன்டர்லாக்குக்கு அவற்றையே பயன்படுத்துங்கள். நடுவில் சின்ன ரிலே வைத்துச் சுற்றி வளைக்க வேண்டாம்.

பாதுகாப்பு: ஃபியூஸும் ஓவர்லோடும் வேறு வேறு வேலை

ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டுக்கு. ஓவர்லோடு ரிலே மோட்டார் சூடாவதற்கு. 7.5 ஆம்பியர் மோட்டார் ஸ்டார்ட்டிங்கில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். அதைத் தாங்கும் ஃபியூஸ் எப்படி 10 ஆம்பியர் ஓவர்லோடைக் கண்டுபிடிக்கும்? முடியாது. அதே மாதிரி ஓவர்லோடு ரிலே ஷார்ட்டை வெட்டாது. வெட்டுவதற்குள் கான்டாக்டர் உருகியிருக்கும். ஃபியூஸ், கான்டாக்டர், ரிலே மூன்றையும் தயாரிப்பாளரின் டைப்-2 அட்டவணையிலிருந்து ஒன்றாக எடுங்கள். டைப்-1 என்றால் ஷார்ட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஆபத்து வராது, ஆனால் சாமான் போகலாம். டைப்-2 என்றால் சாமானும் திரும்ப ஓடும். லேசாக முனை ஒட்டியிருந்தால் பிரித்துவிடலாம், அவ்வளவுதான். ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய் ஸ்பேர் வாங்கி வரும் நேரத்தை நினைத்தால் டைப்-2க்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரிதில்லை.

ஓவர்லோடு செட்டிங் பெயர்ப்பலகை கரண்ட், 7.5 என்றால் 7.5. ட்ரிப் ஆகிறது என்று 9க்குத் திருப்பும் கையை நான் கொஞ்சம் கோபமாகவே பார்ப்பேன். டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) மூன்று ஃபேஸிலும் போட்டு, ஏன் ட்ரிப் ஆகிறது என்று பாருங்கள். இரு திசையிலும் அளந்து கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். இறக்கையின் வளைவைப் பொறுத்து ஃபார்வர்டிலும் ரிவர்ஸிலும் கரண்ட் கொஞ்சம் வேறுபடும். ரீசெட் கையால் செய்யும் நிலையில் இருக்கட்டும்.

இன்னொரு மலைச் சங்கதி. மாடி ஜன்னல் திறந்திருந்தால், நின்ற ஃபேனை வெளிக்காற்றே மெல்ல எதிர்ப்பக்கம் சுற்ற வைக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் முதலில் அதை நிறுத்தி, பிறகு வேகம் எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் நீண்டு ரிலே ட்ரிப் ஆகும். ரிலேயில் குற்றம் இல்லை. ஷட்டரை மூடச் சொல்லுங்கள்.

ஃபேஸ் வரிசை: விட்டுப்போகும் பாதுகாப்பு

ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகும். அதற்கு சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் எல்லாரும் போடுகிறார்கள். ஃபேஸ் வரிசை மாறுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஐப்பசி ராத்திரி லைன் போய் ஜெனரேட்டர் போட்டோம். கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் மாடியிலிருந்து கத்தினார்: "எல்லா ட்ரஃப்பும் தலைகீழா இழுக்குதுய்யா!" ஜெனரேட்டரின் கேபிளை மாற்றியபோது ஆரும் பியும் இடம் மாறியிருந்தது. எங்கள் ஆட்கள் செய்த வேலைதான். ஒரு ஹெல்பர் ஸ்க்ரூ டிரைவரோடு ஒவ்வொரு மோட்டாராகத் திருப்பக் கிளம்பிவிட்டார். அதைச் செய்திருந்தால் லைன் வந்ததும் எல்லாம் மறுபடி தலைகீழ். ஜெனரேட்டரை நிறுத்தி, சேஞ்ச்ஓவர் ஸ்விட்சின் ஜெனரேட்டர் பக்கம் இரண்டு கேபிளை மட்டும் மாற்றினோம், முடிந்தது.

ட்ரஃப்பில் இது எரிச்சல். ஹாயிஸ்டில் இது ஆபத்து. கொழுந்து மூட்டையை மாடிக்கு ஏற்றும் ஹாயிஸ்டில் மேல் லிமிட் ஸ்விட்ச் "மேலே" கான்டாக்டரின் காய்லோடு தொடராக இருக்கும். மூட்டை உச்சிக்குப் போனதும் அந்தக் காய்லை வெட்டும். இப்போது ஃபேஸ் வரிசை மாறிவிட்டது என்று வையுங்கள். ஆள் "கீழே" அழுத்துகிறார். மூட்டை மேலே போகிறது. மேல் லிமிட்டைத் தொடுகிறது. அது வெட்டுவது "மேலே" காய்லை, அதுவோ ஏற்கெனவே ஆஃப். "கீழே" கான்டாக்டர் இழுத்துக்கொண்டே இருக்கும். ரோப் அறுவதோ ட்ரம் உடைவதோ அவரவர் அதிர்ஷ்டம். அதனால் ஹாயிஸ்ட், வின்ச் எதுவானாலும் ஃபேஸ் வரிசை ரிலேயின் கான்டாக்டை வயர் 1ல் தொடராகப் போடுங்கள். அதோடு, திசை எதுவானாலும் மொத்தச் சப்ளையையே வெட்டும் கடைசி லிமிட் ஒன்று, தனி மெயின் கான்டாக்டரோடு. பிரேக், கரண்ட் போனால் தானாகப் பிடிக்கிற வகையாக இருக்க வேண்டும். அடிக்கடி திருப்பும் வேலைக்கு வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சென்சார்) வைத்த மோட்டாரும் அதற்கான ரிலேயும் நல்லது. சாதாரண ஓவர்லோடு ரிலேயான பைமெட்டல் ரிலே ரோட்டர் சூட்டைச் சரியாகப் பின்தொடராது.

பனி, ஈரம், எர்த்

மார்கழி விடியலில் பேனலைத் திறந்தால் கதவின் உட்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர் நிற்கும். தேயிலைத் தூசியும் அந்த ஈரமும் சேர்ந்தால் டெர்மினலுக்கு நடுவில் கரண்ட் ஊரும் பாதைதான். ஒரு சிறிய ஸ்பேஸ் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு பேனலின் அடியில் வையுங்கள். அதன் சப்ளை ஐசொலேட்டருக்கு முன்னாலிருந்து வந்தால் "ஐசொலேட்டர் ஆஃபிலும் இதில் கரண்ட் உண்டு" என்று எழுதி ஒட்டுங்கள். கேபிள்கள் அடியிலிருந்து கிளாண்ட் வழியாக வரட்டும். வேண்டாத ஓட்டைகளை அடையுங்கள். கான்டாக்டருக்குள் வெதுவெதுப்புக்காகப் பல்லி போய்ப் படுத்துக்கொள்வது இங்கே வழக்கமான விபத்து.

மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த். பாறையும் சரளையும் உள்ள மேட்டில் எர்த் பிட்டின் தடை எளிதில் இறங்காது. கோடையில் ஒருமுறை எர்த் டெஸ்டரால் அளந்து பாருங்கள், மழையில் அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

சப்ளை கொடுக்கும் முன்

பவர் இல்லாத நிலையில், முன் கான்டாக்டரை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே அழுத்தி மீட்டரைப் பாருங்கள்: ஆர் யுவுக்கு, ஒய் விக்கு, பி டபிள்யுவுக்குப் போக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பின் கான்டாக்டரை அழுத்தினால் ஆர் டபிள்யுவுக்கு, ஒய் விக்கே, பி யுவுக்கு. ஒன்றை அழுத்தியபடி மற்றதை அழுத்திப் பாருங்கள், இறங்கக்கூடாது. இறங்கினால் மெக்கானிக்கல் இன்டர்லாக் சரியாக உட்காரவில்லை.

மோட்டார் கேபிளை ரிலேயிலிருந்து கழற்றி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மோட்டாரைக் காயவைக்க வேண்டும். டைமரும் ஃபேஸ் ரிலேயும் உள்ள பேனல் பக்கம் மெக்கரைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து, மோட்டார் கேபிள் கழன்றிருக்கும்போதே கன்ட்ரோலை மட்டும் ஓட்டுங்கள். பச்சை விளக்கு வரும் வரை பட்டன் எதுவும் வேலை செய்யக்கூடாது. ஃபார்வர்ட் ஓடும்போது ரிவர்ஸை அழுத்தினால் சத்தமே வரக்கூடாது. ரிலேயின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விட வேண்டும். இரு திசையிலும் இதைச் செய்த பிறகுதான் மோட்டாரைக் கட்டுங்கள். முதல் ஓட்டம் ஒரு தட்டுதான். இறக்கை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, பட்டனின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் மோட்டார் பக்கம் இரண்டு வயரை மாற்றுங்கள்.

சத்தத்தை வைத்துக் கோளாறு

பட்டனை அழுத்தியதும் "டர்ர்ர்" என்று மிஷின்கன் மாதிரி அடித்தால், பெரும்பாலும் இன்டர்லாக் வயர் இடம் மாறி, கான்டாக்டர் தன்னுடைய மூடிய கான்டாக்ட் வழியாகவே தன் காய்லுக்குச் சப்ளை எடுக்கிறது. இழுக்கும், தானே வெட்டும், விழும், மறுபடி இழுக்கும். 21–22 இரண்டும் எதிர்க் கான்டாக்டருடையதாக இருக்க வேண்டும். பேனல் புதிதில்லை, நேற்று வரை ஓடியது, சாயங்காலம் மட்டும் படபடக்கிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். காய்ல் அதன் வோல்டேஜில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இழுக்கும் என்று உறுதி சொல்ல முடியும், அதாவது 415 சப்ளையில் சுமார் 353. இழுத்த உடனேயே விழுந்தால் 13–14. ஒரு பக்கம் மட்டும் இழுக்காவிட்டால் எதிர்க் கான்டாக்டரின் 21–22 கருகியிருக்கும். அங்கேதான் ஜம்பர் போடக் கை துறுதுறுக்கும். அந்தக் கான்டாக்ட் ப்ளாக்கில் இரண்டு ஸ்பேர் வாங்கி, பேனல் கதவின் உட்பக்கம் ஒரு கவரில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஸ்டாப் அழுத்தியும் ஃபேன் நிற்காவிட்டால் முனை ஒட்டியிருக்கிறது. எதிர்ப் பட்டனைத் தொடாமல் நேராக ஐசொலேட்டருக்குப் போங்கள்.

மாதம் ஒருமுறை டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்குவதும், ப்ளோயரால் தூசி ஊதுவதும் போதும். மெயின் முனைகள் லேசாகக் கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள்; அரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளிப் பூச்சுதான் போகும். குழி விழுந்திருந்தால் மூன்று ஃபேஸ் முனைகளையும் சேர்த்து மாற்றுங்கள். எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று, கரண்ட் எழுதி வைத்த அதே இடத்தில், கதவின் உட்பக்கம் எழுதிவிடுங்கள்.